கிழக்கு நோக்கிச் செல்லவும்

திங்கள், காலை 9.37.

சின்னாறு சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசையாக நின்றன. மே மாதத்தின் கடைசி வாரம். தடுப்புக் கம்பம் உயர்ந்தது. முன்னால் நின்ற மூன்று வண்டிகள் நகர்ந்தன. நான்காவதாக நின்ற பழைய வெள்ளைக் கார் நகரவில்லை.

பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். வனக் காவலர் வந்து கண்ணாடியைத் தட்டினார். பதில் இல்லை. கதவைத் திறந்தார். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்திருந்தார். தோளைத் தொட்டதும் சரிந்தார். பிரேக்கிலிருந்து கால் நழுவியது. கார் நாலடி உருண்டது. காவலர் எட்டிக் கை பிரேக்கை இழுத்தார்.

வண்டி அசைந்ததும் டேஷ்போர்டில் செருகியிருந்த செல்போன் பேசியது.

"நேராகச் செல்லவும்."

திரையில் நீலக் கோடு மலை ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் 31 கிலோமீட்டர்.

காலை 10.20.

சப் இன்ஸ்பெக்டர் முருகேஸ்வரி வந்தார். மலைப்பக்கத்துக் காவல் நிலையம். முப்பத்து நாலு வயது. எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் லைன் வீட்டில், பிறந்தவர். அதை அவரும் மறைப்பதில்லை, மற்றவர்களும் மறப்பதில்லை. உடன் வந்தவர் காவலர் ஷிஜி.

காரில் இருந்தவற்றை ஷிஜி எழுதிக்கொண்டார். ஒரு செல்போன். பின் இருக்கையில் இளஞ்சிவப்பு நிறத்தில் புதிய பள்ளிக்கூடப் பை, விலைச் சீட்டு பிரிக்கப்படவில்லை. முன்னால் பித்தளைப் பிள்ளையார். பிள்ளையாருக்கு அடியில், அன்றைய தேதி போட்ட நாள்காட்டித் தாள், நாலாக மடித்தது. சிறிய டப்பாவில் வெல்லக்கட்டிகள்.

"சுகருக்கு வச்சிருப்பாரோ மேடம்?"

"எழுதிக்கோ. அர்த்தம் அப்புறம் பாப்போம்."

முன்னால் போன ஜீப்பிலிருந்து ஓர் இளைஞன் இறங்கி ஓடி வந்திருந்தான். காவலர்கள் அவனை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள்.

"பேரு?"

"லோகேஷ். மேல எஸ்டேட்டுல டூரிஸ்ட் ஜீப் ஓட்டுறேன்."

"இவரு யாரு?"

"ஈஸ்வரமூர்த்தி. எருத்தேன்பதி. எங்கக்கா ஆனந்திக்கு மாமனாரு."

"எதுக்கு வந்தாரு?"

"அக்காவையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போக. எட்டு மாசமா எங்க லயத்துலதான் இருக்காங்க. லைன்காரின்னு சொல்லித் தொரத்தி விட்டுட்டாங்க."

"தொரத்தினது இவரா?"

"மாமியாரும் நாத்தனாரும். இவரு நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு."

"நீ எங்க பார்த்தே இவர?"

"தமிழ்நாட்டுப் பக்கம், ஒன்பதாறுங்கிற செக்போஸ்ட்டுக்குக் கீழ. எட்டே முக்கா. மேல மஞ்சு மூடிக் கெடக்கு, தனியா ஏற வேணாம், நான் முன்னால போறேன்னு சொல்லியிருந்தேன். எங்கம்மா பிளாஸ்க்குல டீ குடுத்து விட்டுச்சு. ரெண்டு பேரும் குடிச்சோம்."

ஷிஜி ஜீப்பிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து வந்தார். திறந்தார். உள்ளே ஈரம். டீயின் வாசனைகூட இல்லை.

"கழுவிருக்கே."

"பால் டீ மேடம். மூடி வச்சா நாத்தம் புடிச்சிரும். ரோட்டுக் குழாயில கழுவினேன்."

"டீ குடிச்ச ஆளு ஒரு மணி நேரத்துல செத்துட்டாரு. பிளாஸ்க் மட்டும் சுத்தமா இருக்கு."

"நான் கழுவும்போது அவரு உசுரோட இருந்தாரு மேடம்."

"எப்படி இருந்தாரு?"

"வேர்த்திருந்துச்சு. மொகம் சரியில்ல. திரும்பிப் போயிருவமான்னு கேட்டேன். 'யாருகிட்டயும் சொல்லாம வந்தேன், ஆனா மொறையாத்தான் கெளம்பி வந்திருக்கேன், ஒண்ணும் ஆவாது'ன்னாரு."

"என்ன மொற?"

"கேக்கல."

முருகேஸ்வரி அவன் செல்போனை வாங்கிப் பார்த்தார். ஈஸ்வரமூர்த்தியின் எண்ணிலிருந்து ஒரு மாதமாக வந்த செய்திகள் எல்லாம் குரல் பதிவுகள். ஒன்றைத் தவிர. ஞாயிறு மாலை 5.10க்கு எழுத்தில் வந்திருந்தது. "லொகேஷன் அனுப்பு. நாளைக்கு வர்றேன். வீட்டில் யாருக்கும் தெரியாது."

லயத்துக்கு விலாசம் கிடையாது. லோகேஷ் வரைபடத்தில் புள்ளி வைத்து அனுப்பியிருந்தான்.

செவ்வாய், காலை 9.45.

பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் சுருக்கமாகப் பேசினார். வயிற்றில் இட்லி, தயிர், டீ, சர்க்கரை. கரையாத மாத்திரைத் துகள்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைபோல் தெரிகிறது. அளவு மிக அதிகம். உறுதியாகச் சொல்ல ஆய்வகம் வேண்டும், மூன்று வாரம்.

"எவ்வளவு நேரத்துல வேலை செய்யும்?"

"ஒரு மணி நேரம். மூணு மணி நேரம்கூட ஆகலாம்."

இன்ஸ்பெக்டர் போனில் பேசினார். ஆனந்தியின் அப்பா சின்னமுத்து இதய நோயாளி. அதே வகை மாத்திரை அவர் வீட்டில் இருக்கிறது. பிளாஸ்க் கழுவப்பட்டிருக்கிறது. பகை இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? இன்று மாலை ஆறு மணிக்கு லோகேஷைக் கைது செய்ததாக எழுத வேண்டும். அடுத்து ஆனந்தி.

"செத்தவரோட ஊட்டுல இன்னும் வாக்குமூலம் எடுக்கல சார்."

"எடுத்துட்டு வா. ஆறு மணி."

நிலையத்தின் வாசலில் ஆனந்தி நின்றிருந்தாள். தேயிலைத் தொழிற்சாலைச் சீருடை. நேற்றிலிருந்து மாற்றவில்லை.

"தம்பிய விட்டுருவீங்களா?"

"தெரியாது."

"லயத்துல பொறந்தவங்கதான நீங்களும்?"

"அதுனாலதான் தெரியாதுன்னு சொல்றேன். வேற எவனாச்சும்னா பொய் சொல்லியிருப்பான்."

பிற்பகல் 1.30.

சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி, எல்லை தாண்டி எருத்தேன்பதி. கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போகத் தமிழ்நாடு வழியாக எண்பத்தைந்து கிலோமீட்டர். ஷிஜி செல்போனில் வழி பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"போனே எல்லா வழியும் சொல்லுது மேடம். இந்தக் காலத்துல கள்ளனுக்குக் கூட மேப் வேணும்."

"போலீசுக்கும்தான். ரோட்டப் பாரு."

சாலை கிழக்கு மேற்காக ஓடியது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. வீட்டு வாசல் நேராகச் சாலையில் திறந்தது. வலது பக்கம் மேற்கு, கொழிஞ்சாம்பாறை, அதைத் தாண்டித் திருச்சூர். இடது பக்கம் கிழக்கு, பொள்ளாச்சி. மதிலும் மரங்களும் மறைத்தன. கார் எந்தப் பக்கம் திரும்பியது என்று வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரிய வழியில்லை.

உடல் மாலையில்தான் வரும். பந்தல் போட்டிருந்தார்கள். இறந்தவரின் மனைவி மருதாத்தாள் பந்தலிலேயே மறித்தார்.

"ஏனுங், கொன்னவிய அங்கிருக்க, இங்கென்ன வேலைங்க உங்களுக்கு?"

"கேள்வி கேக்கணும்மா."

"நீங்க எந்த ஊருங்க?"

"மூணாறு பக்கம். எஸ்டேட்டு."

"அதான பாத்தேன். மூஞ்சியிலயே எழுதியிருக்குது. லைன்காரிக்கு லைன்காரி போலீசு."

"ஆமாம்மா. உக்காருங்க."

மருதாத்தாள் உட்காரவில்லை. நின்றுகொண்டே பதில் சொன்னார்.

"எங்க போறேன்னு சொன்னாரு?"

"திருச்சூருக்குங்க. கண்ணாஸ்பத்திரி. ஞாயித்துக்கெழம சோத்துல உக்காந்து எல்லாத்துகிட்டயும் சொன்னாரு."

"காலையில நீங்க எங்க இருந்தீங்க?"

"அஞ்சரைக்கே மாட்டுச் சாளைக்குப் போயிட்டேன். பாலு சொசைட்டிக்குப் போவோணும். ஒரு சொட்டு ஊட்டுல நிக்காது, காப்பிக்கு மட்டுந்தான். என்ற மக செல்வி ஞாயித்துக்கெழம சாயந்தரம் அரை லிட்டரு நிறுத்திப்போட்டா, ஒறை ஊத்தோணும்னு. அதுக்கே சத்தம் போட்டேன். ஊட்ட விட்டுப் போறப்ப அந்த மனுசன் மொகத்தக்கூட நான் பாக்கலீங்க."

குரல் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டார்.

"உங்களுக்கு இதய மாத்திரை உண்டா?"

"உண்டுங்க. என்னயக் கேக்கறீங்க. அங்க அந்தச் சின்னமுத்துவக் கேட்டீங்களா?"

"கேட்டாச்சு. உங்க அட்டையக் காட்டுங்க."

மாத்திரைப் பெட்டி சாமியறை அலமாரியில் இருந்தது. யாரும் எடுக்கலாம். எத்தனை அட்டை இருந்தது என்று மருதாத்தாளுக்கு நினைவில்லை.

மகன் கோபிநாத் தோப்பில் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். ஆனந்தியின் கணவன். முருகேஸ்வரியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பெண்டாட்டியக் கூப்பிட எட்டு மாசமா ஏன் போகல?"

"அம்மா வேண்டாம்னாங்க."

"அப்பா போனாரே."

"அப்பா போறது எனக்குத் தெரியாதுங்க. திருச்சூருன்னாரு. அஞ்சரைக்கே தோப்புக்கு வந்துட்டேன், மோட்டார் எடுத்துவுட."

"உங்கப்பா போன்ல டைப் பண்ணுவாரா?"

"பேசித்தான் அனுப்புவாரு. மேப்பும் நானோ செல்வியோ போட்டுக் குடுக்கோணும். அதுலயும் பெரிய ரோதனைங்க. நாங்க மேப்புல தூரம் பாப்போம், அவரு மொத வரி என்னன்னு கேப்பாரு. போன வெள்ளிக்கெழம சித்தூருக்குப் போறப்ப, ஒரு கட்டி வெல்லத்த வாயில போட்டாத்தான் வண்டிய எடுப்பேன்னு நின்னாரு. வெல்லத்துக்காவ கால் மணி நேரம்."

"வேற ஏதாச்சும் வித்தியாசமா?"

"வியாழக்கெழம ஆதாரம், அதான் சொத்துப் பத்திரம், எழுதறவர வரச் சொல்லியிருந்தாருங்க. எதுக்குன்னு எனக்குச் சொல்லல."

கடைசியாகச் செல்வி என்ற செல்வப்பிரியா. ஈஸ்வரமூர்த்தியின் மகள். முப்பது வயது. கணவனைப் பிரிந்து மூன்று வருடமாகப் பிறந்த வீட்டில் இருக்கிறாள். சமையலறை அவள் கையில். அழுது முடித்த முகம்.

"காலையில அப்பாவுக்கு என்ன குடுத்தீங்க?"

"ரெண்டு இட்லி, காப்பி. வாசல்ல நின்னு ஒரு டம்ளர் தயிரு, சக்கர போட்டு. ஆறு இருவதுக்குக் கெளம்பிட்டாரு."

"தயிரு எதுக்கு?"

"வெளிய போறப்ப எப்பவும் அப்படித்தானுங்க."

"எங்க போறாருன்னு நெனச்சீங்க?"

"திருச்சூரு."

"மேப் போட்டுக் குடுத்தது யாரு?"

"தெரியாதுங்க. நான் போடல. கோபியண்ணன் போட்டிருப்பாரு."

"அந்த டம்ளர் எங்க?"

"கழுவிட்டனுங்க. அதுக்கென்னங்க? அங்க ஒருத்தன் பிளாஸ்க்கையே கழுவியிருக்கான்னு சொன்னாங்க, அவனக் கேளுங்க."

முருகேஸ்வரி நோட்டை மூடினார். மணி 3.40. மலை ஏறிச் சேர இரண்டேகால் மணி நேரம். இப்போதே கிளம்பினால்தான் ஆறு மணிக்குள் போய்ச் சேரலாம்.

ஷிஜி கூடத்தில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

"மேடம், இந்தக் காலண்டருல எல்லாம் போட்டிருக்கு. எங்க ஊட்டுல ராகு காலம் மட்டுந்தான். இதென்ன, சூலம் வடக்கு, பரிகாரம் பால்?"

"செவ்வாய்க்கிழமை வடக்கே போகக் கூடாது. போய்த்தான் தீரணும்னா பாலு குடிச்சிட்டுப் போகணும். ஒவ்வொரு நாளைக்கும் ஒரு..."

முருகேஸ்வரி நிறுத்தினார்.

சுவரில் செவ்வாய்க்கிழமைத் தாள். திங்கட்கிழமைத் தாள் காரில், பிள்ளையாருக்கு அடியில். அதைக் கிழித்தவர் கையோடு கொண்டுபோயிருந்தார்.

சான்றுப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். பிளாஸ்டிக் உறை வழியாகப் படித்தார். ஈஸ்வரமூர்த்தியின் செல்போனையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"மூணு பேரையும் பந்தலுக்கு வரச் சொல்லு."

பிற்பகல் 3.55.

மருதாத்தாள் நாற்காலியில். கோபிநாத் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு. செல்வப்பிரியா வாசற்படியில்.

முருகேஸ்வரி செல்போனில் திருச்சூர் என்று போட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினார்.

"மேற்கு நோக்கிச் செல்லவும்," என்றது குரல்.

அதை அழித்தார். லோகேஷ் அனுப்பிய புள்ளியைத் தொட்டார்.

"கிழக்கு நோக்கிச் செல்லவும்."

"இதாம்மா மொத வரி. உங்க ஊட்டுக்காரரு தூரம் பாக்க மாட்டாரு, இதத்தான் பாப்பாரு. சரியா?"

மருதாத்தாள் முறைத்தார். "செரி. அதுக்கென்னங்க?"

"போன வெள்ளிக்கிழமை சித்தூருக்கு மேக்கே போனாரு. வெள்ளிக்கிழமை சூலம் மேற்கு. வெல்லம் தின்னாரு. நேத்து திங்கக்கிழமை. சூலம் கிழக்கு, பரிகாரம் தயிர். இந்தா, தாளுல இருக்கு. கெழக்கே போறவருக்குத் தயிர் வேணும். மேக்கே போறவருக்கு ஒண்ணும் வேண்டாம்."

செல்வப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தார்.

"திருச்சூருக்குப் போறவருக்குத் திங்கக்கிழமை தயிரு எதுக்கு?"

"அவரா கேட்டாருங்க."

"எப்பவும் அப்படித்தான்னு சொன்னீங்க. இப்ப அவரா கேட்டாரா?"

"ஆமாங்க. காலையில. கெளம்பறப்ப. எதுக்குன்னு நான் கேக்கல."

"காலையில கேட்ட தயிருக்கு ஞாயித்துக்கிழமை சாயந்தரம் உறை ஊத்தினீங்களா?"

மருதாத்தாளின் தலை மெதுவாக மகள் பக்கம் திரும்பியது.

"சொசைட்டிக்குப் போற பாலுல அரை லிட்டர் நிறுத்தினது நீங்க. உங்கம்மாவே சொன்னாங்க. உங்கப்பாவுக்கு டைப் பண்ணத் தெரியாது. ஞாயித்துக்கிழமை அஞ்சு மணி பத்து நிமிசத்துக்கு லொகேஷன் கேட்டு எழுதினது உங்க அண்ணன், இல்லேன்னா நீங்க. அண்ணன் எழுதியிருந்தாலும் தயிருக்கு உறை ஊத்தினது அண்ணன் இல்ல. புள்ளி வந்துச்சு. மேப்பு போட்டீங்க. கெழக்குன்னு வந்துச்சு. நாளைக்கு வாசல்ல நின்னு தயிரு குடிப்பாருன்னு அப்பவே தெரிஞ்சிருச்சு."

"தயிருல மருந்துன்னு யாருங்க சொன்னா? டீயில இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம். ஆனா டீ குடுத்தவன், அவரு யாரு, எதுக்கு வந்தாரு, எங்க போறாருன்னு எல்லாத்தையும் அவனே சொல்லிட்டான். நீங்கதான் திருச்சூருன்னீங்க. தயிரு குடுத்த கையி எங்க போறாருன்னு ஏன் மறைக்கணும்?"

செல்வப்பிரியா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"காப்பிய ஒரு வாய் வச்சுக் கசந்தா கீழ ஊத்திருவாரு. இட்லிய ருசி பாத்துத் தின்பாரு. பரிகாரத் தயிர யாரும் ருசி பாக்கறதில்ல. நின்ன எடத்துல ஒரே மடக்கு, வாசலத் தாண்டணும். மிச்சமும் வைக்கக் கூடாது. லோகேஷ்கிட்ட அவரு சொன்னது இதுதான். மொறையாத்தான் கெளம்பி வந்திருக்கேன்னு."

கோபிநாத் பந்தல் காலை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

செல்வப்பிரியா அழவில்லை. பேசியபோது குரலில் எரிச்சல் மட்டும் இருந்தது.

"மூணு வருசமா அவருக்குச் சோறு போட்டது நானு. அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது நானு. வியாழக்கெழம ஊட்டையும் தோப்பையும் அந்தப் புள்ள பேருக்கு ஆதாரம் பதியறாராம். லைன்காரி பெத்த புள்ளைக்கு. நான் எங்க போறதுன்னு கேட்டேன். ஒரு ரூமு உண்டல்லோ, இருந்துக்கோன்னாரு. என்னமோ வாடகைக்கு வந்தவளாட்ட."

"அதையும் உங்ககிட்டயே சொன்னாரா?"

"ஊட்டுல யாருக்கும் சொல்லாத, நீ ஒருத்திதான் பொறுப்பான ஆளுன்னாரு. சொல்லிப்போட்டு, மேப்பு போட்டுக் குடுன்னு போன என்ற கையிலயே குடுத்தாரு."

மருதாத்தாள் எழுந்தார். மகளை அடிப்பார் என்று ஷிஜி குறுக்கே போனார். மருதாத்தாள் மகளைத் தாண்டிப்போய் முருகேஸ்வரியின் முன்னால் நின்றார்.

"உங்களுக்கு இப்பச் சந்தோசமுங்களா?"

"இல்லம்மா."

"என்ற ஊட்ட மொத்தமா முடிச்சுப்போட்டீங்க. போங்க. எழவு விழுந்த ஊடு, தண்ணிகூடக் குடுக்க மாட்டேன்."

"கேக்கலம்மா."

முருகேஸ்வரி இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். நாலே நிமிடம் பேசினார். மணி 4.20.

மாலை 7.10.

லோகேஷை வெளியே விட்டார்கள். பெல்ட்டையும் செல்போனையும் வாங்கிக்கொண்டான். நன்றி சொல்லவில்லை. படியில் நின்றே ஈஸ்வரமூர்த்தியின் குரல் பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்தான். முருகேஸ்வரி தடுக்கவில்லை. வேண்டியதெல்லாம் நேற்றே நகல் எடுத்தாகிவிட்டது.

ஆனந்தி அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"செல்வியா?"

"ஆமா."

"எனக்கு ரெண்டு வருசம் சோறு போட்டதும் அவதான்." தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "அவரு நெசமாவே எங்களக் கூப்பிடத்தான் வந்தாரா? இல்ல, தம்பி என் மனசத் தேத்தச் சொல்றானா?"

"நெசந்தான். இன்னும் முப்பத்தோரு கிலோமீட்டர்னு காட்டுச்சு."

"அன்னிக்கு நாங்க வாசலத் தாண்டும்போது ஒரு வார்த்த பேசல. எட்டு மாசம் கழிச்சு முப்பத்தோரு கிலோமீட்டர்ல நின்னுட்டாரு."

மேசைமேல் சான்றுப் பொருட்கள் வரிசையாக இருந்தன. திறந்த கதவு வழியாக இளஞ்சிவப்புப் பை தெரிந்தது. ஆனந்தி அதைப் பார்த்துவிட்டாள்.

"அது யாருக்கு?"

"உங்க புள்ளைக்கு. ஒண்ணாங் கிளாசுக்கு."

"குடுங்க. திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தொறக்குது."

"கேஸ் முடியற வரைக்கும் தர முடியாது. கோர்ட்டுல காட்டணும்."

"எப்ப முடியும்?"

"அஞ்சு வருசம் ஆகும். ஆறும் ஆகும்."

ஆனந்தி பையின் நீளத்தைக் கண்ணால் அளந்தாள்.

"அப்ப அது அவ முதுகுக்குப் பத்தாது," என்றாள். தம்பியை இழுத்துக்கொண்டு படி இறங்கினாள்.